பக்கம் 41 முதல் 58 வரை: ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு தட்டச்சுக்காரனின் திறந்த மடல்

யாழ்ப்பாணத்திலும் வெளியிலும் தமிழில் ஆய்விதழ் நடத்தும் மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நான் கொக்குவிலில் தட்டச்சுக் கடை வைத்திருப்பவன். ஆய்வேடு அடித்தல், பக்க வடிவமைப்பு, போட்டோக்கொப்பி, கறுப்பு மட்டையில் தங்க எழுத்துப் பதித்த பைண்டிங் என்று இருபது வருசத்துக்கு மேலாக இந்தத் தொழில்தான் எனக்குச் சோறு. பட்டம் ஒன்றும் இல்லை. ஏ.எல். சோதினை எழுதவேண்டிய வருசம் இடம்பெயர்ந்து திரிந்ததில் போய்விட்டது. பிறகு சித்தப்பாவின் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தேன். அச்சகம் மூடியதும் விசைப்பலகைக்கு மாறினேன். உங்கள் இதழ்களில் வரும் கட்டுரைகளை உலகம் வாசிப்பதற்கு முன்னர் வாசிக்கிறவர்களில் நானும் ஒருவன். இந்த மடலை எழுத எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

சொல்லவேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அதில் வரும் இதழ் எது, நிறுவனம் எது, ஆள் ஆர் என்று எழுதமாட்டேன். யாழ்ப்பாணத்தில் நடந்ததா வெளியில் நடந்ததா என்றும் சொல்லப்போவதில்லை. ஊகிக்கவும் வேண்டாம். வாசிக்கிறவர்களில் நாலைந்து பேராவது ‘இது எங்கடை இதழைத்தான் சொல்லுறான்’ என்று நினைப்பீர்கள் என்பது தெரியும். அப்படி நினைக்க நாலைந்து பேர் இருப்பதுதான் நான் எழுதக் காரணம்.

2013ஆம் ஆண்டு. வெளி மாவட்டம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை லீவுக்கு வந்த நேரம் தன் ஆய்வேட்டைக் கையெழுத்துப் பிரதியாகக் கொண்டுவந்தாள். வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் கிணறுகளைப் பற்றியது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மாரி மழைதான் எங்கள் குடிதண்ணீரும் தோட்டத்துத் தண்ணீரும். அந்தப் பிள்ளை 40 கிணறுகளைத் தெரிந்து, மாதம் ஒருமுறை, கயிற்றில் கல்லுக் கட்டி இறக்கி, நிலமட்டத்திலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரு வருசம் அளந்திருந்தாள். சைக்கிளில் திரிந்து. ஆவணி வெயிலில் நாய் கலைத்த கதையும் கடையில் இருந்து சொல்லிச் சிரித்தாள்.

அட்டவணை 7 செப்ரெம்பர் மாதத்துக்கு உரியது. 23ஆம் இலக்கக் கிணற்றுக்கு அவள் எழுதியிருந்தது 16.8 அடி. நான் அடித்தது 18.6. இரவு பதினொன்றரை மணி, நித்திரைக் கண். விரல் தடுக்கிவிட்டது. அவளும் கவனிக்கவில்லை. நாலு பிரதியும் பைண்ட் பண்ணிக் கொடுத்து அனுப்பிய பிறகு, மிஞ்சிய தாள்களைக் கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பார்க்கும்போதுதான் கண்டேன். தொலைபேசியில் கோல் எடுத்துச் சொன்னேன். “நாலு கொப்பியும் குடுத்தாச்சு அண்ணை, ஒரு நம்பர்தானே, விடுங்கோ” என்றாள். அவள் விட்டுவிட்டாள். எனக்கு அது காலில் தைத்த முள்ளாகவே கிடந்தது. ஈயம் கோத்த ஆளுக்குத்தான் அந்த வலி விளங்கும்.

2016இல் ஓர் ஆசிரியர் ஆய்விதழ் ஒன்றைக் கொண்டுவந்து, “41இலிருந்து 58 வரைக்கும் கொப்பி அடிச்சுத் தாங்கோ” என்றார். புத்தகத்தைக் கண்ணாடியில் குப்புற வைத்துப் புரட்டிக்கொண்டு போகிறேன். 52ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. 40 கிணறுகள். கண் தன்பாட்டில் 23ஆம் வரிக்கு இறங்கியது.

18.6.

என் பிழை அங்கே இன்னொருவரின் பெயரின் கீழ் அச்சாகிக் கிடந்தது. ஒரே ஊர்க் கிணறுகளை இரண்டு பேர் அளக்கலாம், ஒரே முடிவுக்கு வரலாம், வசனங்கூடச் சில இடங்களில் ஒத்துப்போகலாம். ஆனால் பதினொன்றரை மணிக்கு என் விரல் தடுக்கிய அதே எண்ணில் இன்னொருவர் கிணற்றடியில் கயிறு விட்டுத் தடுக்கமாட்டார். பதினெட்டுப் பக்கத்தையும் நின்ற நிலையில் வாசித்தேன். ஆய்வேட்டின் மூன்றாம், நாலாம் இயல்கள்தாம், முன்னுரை மட்டும் புதிது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று: பிள்ளையின் மேற்பார்வையாளர். பிள்ளையின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

அவளைத் தேடிப் பிடித்துச் சொன்னபோது முதலில் பயந்தாள். மேற்படிப்புக்கு அவருடைய கடிதம் தேவைப்பட்ட காலம். ஒரு வருசம் பேசாமல் இருந்தாள். கடிதம் கிடைத்து, வேறிடத்தில் அனுமதியும் எடுத்த பிறகு, ஆய்வேட்டின் பிரதி, கட்டுரையின் பிரதி, இரண்டிலும் ஒத்த இடங்களுக்குப் பென்சிலால் கோடு, எல்லாம் வைத்து இதழாசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தன் பெயர், முகவரி, கையெழுத்து, எல்லாம் போட்டு. ஏழு மாதம் ஒரு பதிலும் இல்லை. எட்டாம் மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு: “பிள்ளை, அவர் உம்மடை குரு. இதைப் பெரிசுபடுத்தாதேயும். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

பார்த்துக்கொண்டார்கள். எப்படியென்றால், இதழின் இணையத்தளத்தில் இருந்து அந்தக் கட்டுரை இல்லாமற் போனது. ஓர் அறிவித்தல் இல்லை, ஒரு வரி விளக்கம் இல்லை. பொருளடக்கத்தில் ஒரு கட்டுரை 40ஆம் பக்கத்தில் முடிகிறது, அடுத்தது 59இல் தொடங்குகிறது. நடுவில் பதினெட்டுப் பக்கம், பொக்கை வாய் மாதிரி.

நான் கேட்கவந்தது இந்தப் பொக்கையைப் பற்றித்தான். ஆய்வைக் களவெடுத்தது பிழை என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதைக் கண்டுபிடித்த பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சத்தமில்லாமல் எடுத்துவிட்டதால் என்ன நடந்தது என்று பாருங்கள். அச்சுப் பிரதிகள் நூலகங்களின் தட்டுகளில் அப்படியே இருக்கின்றன. யாராவது மின்வருடிப் போட்டிருந்தால் அது இணையத்திலும் கிடக்கும். எங்கள் பக்கத்து வெளியீடுகளை 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் இருக்கிற காலத்தில், உங்கள் தளத்தில் அழித்தது உலகத்தில் அழியாது. அந்தக் கட்டுரையைக் காட்டி எழுதப்பட்ட வேறு இரண்டு கட்டுரைகளை நானே பக்கம் வடிவமைத்திருக்கிறேன். ஒன்றில் ‘செப்ரெம்பரில் நீர்மட்டம் 18.6 அடி வரை இறங்குகிறது’ என்று என்னுடைய தட்டச்சுப் பிழை ஆராய்ச்சி முடிவாகவே ஏறிவிட்டது. அளந்த பிள்ளைக்குப் பெயரும் இல்லை, ஆறுதலும் இல்லை. மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும்: அந்த மேற்பார்வையாளருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. அவர் தன் தரப்பை எங்கும் பதியவில்லை. ஊரில் கதை ஒன்று பத்தாகி, அவர் செய்யாததும் அவர் தலையில் ஏறிக்கிடக்கிறது.

உலகத்தில் இதற்கொரு முறை எழுதிவைத்திருக்கிறார்கள். 1997இல் பிரித்தானிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் தங்களுக்கு வந்த தலையிடிகளைக் கூடிப் பேசத் தொடங்கியதுதான் இன்று பதிப்பு நெறிமுறைக் குழு, சுருக்கமாகக் கோப், என்று பல நாடுகளிலும் பல துறைகளிலும் பரந்திருக்கிறது. முறைப்பாடு வந்தால் முதலில் யாரிடம் கேட்பது, பதில் வராவிட்டால் எங்கே போவது என்று அம்புக்குறி போட்ட படங்களாகவே வரைந்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன், ஒரு வாடிக்கையாளர் அச்சடிக்கக் கொண்டுவந்தவை. அதில் எனக்குப் பிடித்தது, ஆசிரியர் நீதவான் வேலை பார்க்கவேண்டும் என்று அவர்கள் சொல்லாததுதான். எழுதியவரிடம் விளக்கம் கேள். திருப்தி இல்லையென்றால் அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு எழுது, விசாரிப்பது அவர்கள் வேலை. பதிவைச் சரியாக வைத்திருப்பது உன் வேலை.

பதிவைச் சரியாக வைத்திருப்பதென்றால், கட்டுரையை ஒளிப்பதில்லை. கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் பக்கங்களில் ‘மீளப்பெறப்பட்டது’ என்று குறுக்கே விழுந்திருக்கும். கூடவே ஓர் அறிவித்தல்: எந்தக் கட்டுரை, யார் மீளப்பெறுகிறார், ஆசிரியரா இதழா, என்ன காரணம். காசு கட்டாமல் எவரும் வாசிக்கக்கூடிய இடத்தில் அது இருக்கவேண்டும். முற்றாக அகற்றுவது, ஆளின் அந்தரங்கமோ உயிரோ சட்டமோ சம்பந்தப்பட்ட மிக அரிதான வேளைகளில் மாத்திரம். அப்போதும் தலைப்பும் பெயரும் அறிவித்தலும் மிஞ்சும். இன்னொன்றையும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்: மீளப்பெறுதல் ஆளுக்குத் தண்டனை அல்ல, பதிவுக்குத் திருத்தம்.

இதை வாசித்தபோது எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் புத்தகம் எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம். பாரம் ஏறி அச்சான பிறகு கண்ட பிழையென்றால் சிறுதுண்டாக அடித்து, கோதுமை மாப் பசை தடவி, உள்ளட்டையில் ஒட்டுவோம். நான் சின்னப் பெடியனாக ஒட்டியவை ஆயிரக்கணக்கில் இருக்கும். “இதை ஒட்டினால் எங்கடை அச்சகத்துக்கு வெக்கமில்லையோ” என்று ஒருநாள் கேட்டேன். “ஒட்டாட்டித்தான் வெக்கம்” என்றார். நாவலர் வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சுக்கூடம் வைத்த ஊர் இது. பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டியில் பிறந்தவர். ஏடு தந்து உதவியவர்களைத் தன் பதிப்புரைகளில் பெயர் சொல்லி எழுதிவைத்தவர். கடன்பட்டதைச் சொல்வதும் பிழைபட்டதைச் சொல்வதும் வெள்ளைக்காரன் இறக்குமதி செய்த நெறிமுறை என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் பழைய புத்தகங்களின் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டவில்லை.

வெளியிலும் எல்லாம் திறமாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். யோஷிதாகா ஃபுஜீ என்ற ஜப்பானிய மயக்கமருந்து வைத்தியரின் எண்கள் நம்பமுடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்று ஜேர்மன் வைத்தியர்கள் சிலர் 2000ஆம் ஆண்டிலேயே ஆய்விதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதம் அச்சாகியது. அதற்குப் பிறகும் அவருடைய கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. 2012இல் ஜப்பானிய மயக்கவியல் சங்கம் விசாரித்தபோது 212 கட்டுரைகளில் 172 பொய்த் தரவு என்று கண்டார்கள். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட பிரித்தானிய வைத்தியர் வேக்ஃபீல்டின் கட்டுரை த லான்செற் என்ற மருத்துவ இதழில் 1998இல் வந்தது. முழுதாக மீளப்பெறப்பட்டது 2010இல். வெறும் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை அது, பன்னிரண்டு வருசம் நின்றது.

அதே லான்செற்றில் 2020 மே 22ஆம் திகதி, கொரோனாவுக்கு மலேரியா மருந்து கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை. 96,000 நோயாளிகளின் தரவு என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைப் பார்த்துத் தன் பரிசோதனையில் அந்த மருந்தையே இடைநிறுத்தியது. ஒரு கிழமைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுத் திறந்த மடல் ஒன்று எழுதினார்கள்: இந்தத் தரவு எங்கே இருந்து வந்தது? தரவு வைத்திருந்த கம்பனி சரிபார்க்கக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. பதின்மூன்று நாள். லான்செற் அந்தக் கட்டுரையை ஏற்றதே வெட்கக்கேடு, அது வேறு கதை. ஆனால் கேள்வி வந்ததும் வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கவில்லை.

கௌரவம் போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு மருந்து சொல்கிறேன். 2018இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரான்செஸ் ஆர்னோல்ட் அடுத்த வருசம் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை போட்டார். பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு வரவில்லை. 2020 ஜனவரியில் தானே அதை மீளப்பெற்று, தன் வேலையைத் தான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். நோபல் பரிசை யாரும் திருப்பி வாங்கவில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. விரிவுரை, சோதினைத் தாள், கூட்டம் எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்குக் கடை வாசலில் வந்து நின்று “தம்பி, நாளைக்குப் புறூஃப் கிடைக்குமோ” என்று கேட்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். முறைப்பாட்டை விசாரிக்க ஆளில்லை, வழக்குப் போடுவார்களோ என்ற பயம் வேறு. அதோடு எங்கள் ஊருக்கென்றே ஒரு வியாதி, மொட்டைக் கடிதம். பதவி உயர்வு நேர்முகத்துக்கு முதல்நாள் வந்து விழும் தட்டச்சுக் கடிதங்கள் எத்தனை! (சிலதை அடித்துத் தரச்சொல்லி என்னிடமே வந்திருக்கிறார்கள். மாட்டேன் என்று அனுப்பியிருக்கிறேன். ஒருவர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.) அதனால் முறைப்பாடு என்றாலே எரிச்சல் என்று ஒதுக்குவது விளங்குகிறது. ஆனால் பெயர் இல்லாத கடிதத்தையும் அதிலுள்ள சான்றை வைத்துத்தான் அளக்கவேண்டும் என்கிறது கோப்பின் வழிகாட்டல். ‘இன்னார் கள்ளன்’ என்று மட்டும் எழுதினால் குப்பைக் கூடைக்குள் போடுங்கள். ‘இந்தப் பக்கம், இந்தப் பந்தி, அந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கம்’ என்று எழுதியிருந்தால், எழுதியது பேயென்றாலும் எடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையோ கையெழுத்தே போட்டிருந்தாள்.

சின்ன ஊர் என்ற கஷ்டமும் உண்டு. இங்கே எல்லாரும் ஆரோ ஒருவருக்கு மாணாக்கர், ஆரோ ஒருவருக்குச் சம்பந்தி. பெயரை மறைத்து மதிப்பீட்டுக்கு அனுப்பினாலும் எழுத்தைப் பார்த்ததும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் மதிப்பீட்டு அறிக்கைகளைக் கையால் எழுதி என்னிடம் அடிப்பிப்பார். இரகசியம்தான், நான் வாசிக்கக்கூடாதுதான். விரல் வாசிக்காமல் எப்படி அடிக்கிறது? ஒருமுறை மூன்று பக்க அறிக்கையின் தலையில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இக்கட்டுரையாளர் என் பழைய மாணவர் என ஊகிக்கிறேன், ஆதலால் என் கருத்தை இன்னொருவர் கருத்தோடு சேர்த்தே கொள்ளவும்.’ ஒரு வரிதான் எழுதினார். அதனால் இதழுக்கு என்ன குறைந்துபோனது? முறைப்பாட்டுக்கும் அப்படித்தான். குற்றஞ்சாட்டப்பட்டவரோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்கிற ஆசிரியரிடமே முறைப்பாடு போய்ச் சேர்ந்தால், ‘பார்த்துக்கொள்ளுறம்’ என்ற பதில்தான் வரும். இதழின் இரண்டாம் பக்கத்தில், விலையும் தொடர்பிலக்கமும் போடுகிற இடத்தில், ஊருக்கு வெளியே உள்ள ஒருவரின் முகவரியை முறைப்பாட்டுக்கென்று போடுங்கள். மட்டக்களப்பிலோ பேராதனையிலோ சென்னையிலோ ஒரு நேர்மையான ஆள் கிடைக்காமலா போவார்.

பெயர் போடும் விசயத்தில் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சிவப்பு மையால் வரிக்கு வரி வெட்டித் திருத்திய பிரதிகளை நான்தான் திரும்ப அடிக்கிறேன். சில ஆய்வேடுகளில் பிள்ளையை விட அவர்கள் உழைப்பு அதிகம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978இல் வன்கூவரில் தொடங்கியது, ஆசிரியர் என்று பெயர் போட நாலு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வை வகுத்ததிலோ தரவு எடுத்ததிலோ பகுத்ததிலோ கணிசமான பங்கு. எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு. இறுதி வடிவத்துக்குச் சம்மதம். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நாலும் சேர்ந்து இருக்கவேண்டும். அந்த அளவுகோலில் மேற்பார்வையாளர் தகுதியானால் அவர் பெயர் தாராளமாக வரட்டும். ஆனால் கயிறு விட்டு அளந்து, முதல் எழுத்திலிருந்து எழுதிய பிள்ளை எந்த அளவுகோலிலும் வெளியே விழமாட்டாள். இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. அச்சுக்குப் போகிற நேரம் “அண்ணை, இன்னொரு பேர் சேர்க்கவேணும்” என்று கோல் வரும். ஆரென்று பார்த்தால் கட்டுரையின் தலைப்பே தெரியாத ஒரு பெரியவர். எழுதியவர் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று ஒரு வரி கேட்டு, ‘இது ஆய்வேட்டிலிருந்து எடுத்ததா, யாருடையது’ என்று இன்னொரு வரி கேட்டு, சமர்ப்பிக்கும் படிவத்தில் சேர்த்தாலே பாதிச் சிக்கல் வாசலோடு நின்றுவிடும்.

களவு பிடிக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். தமிழுக்கு அதை நம்பாதீர்கள். ஒரு தொழில் இரகசியம் சொல்கிறேன். எங்கள் பக்கம் கனகாலம் பாமினி எழுத்துருவில்தான் அடித்தோம், இன்றைக்கும் பலர் அடிக்கிறார்கள். திரையில் ‘அம்மா’ என்று தெரியும். கொம்பியூட்டருக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மென்பொருளுக்கு அது எந்த மொழியும் இல்லை. ஒரே பந்தியை ஒருவர் பாமினியிலும் இன்னொருவர் எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோட்டிலும் கொடுத்தால், அறிக்கை ‘ஒற்றுமை பூச்சியம்’ என்று பல்லிளிக்கும். ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கித் தன் பெயரில் போடுகிறவரையும் அது பிடிக்காது. யூனிகோட்டில்தான் கட்டுரை வேண்டும் என்று அடம்பிடியுங்கள். மிச்சத்துக்கு, துறை தெரிந்த ஒரு மனிதக் கண்தான்.

ஆங்கிலத்திலோ வேறொரு விளையாட்டு. களவு தெரியாமல் இருக்கச் சொல்லுக்குச் சொல் மாற்றும் இயந்திரங்கள் ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதைப் ‘போலிப் பிரக்ஞை’ என்ற பொருளிலும், மார்பகப் புற்றுநோயை ‘நெஞ்சத்து ஆபத்து’ என்ற பொருளிலும் மாற்றிவைக்க, அவை அச்சாகியும் விட்டன. பிரான்சில் கபனாக், லாபே முதலியோர் 2021இல் இப்படிப்பட்ட சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் தேடித்தான் கள்ளக் கட்டுரைகளைப் பிடித்தார்கள். காசுக்குக் கட்டுரை செய்து விற்கும் ஆலைகளே இருக்கின்றன. ஹிந்தாவி என்ற பதிப்பகம் 2023 என்ற ஒரே வருசத்தில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை மீளப்பெற்றது. எங்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. போன வருசம் என்னிடம் வந்த ஒரு தமிழ்க் கட்டுரையின் நடுவில் ‘ஒரு மொழி மாதிரி என்ற வகையில் எனக்கு இதுபற்றிய அண்மைத் தரவுகள் இல்லை’ என்று ஒரு வசனம். நானும் எழுத்துப்பிழை பார்த்து, ஒற்று மிகவேண்டிய இடத்தில் மிகவைத்து, அச்சுக்குக் கொடுக்கப் பார்த்தேன். அது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த வசனம் என்று கடைசி நேரத்தில்தான் உறைத்தது.

இவ்வளவும் எழுதியதற்கு, நான் கேட்பது செலவில்லாத ஒரு காரியம். பழைய பசைச் சட்டியைத் திரும்ப எடுங்கள். ஏ4 தாள் ஒன்றில் எட்டுத் துண்டு வெட்டலாம். 300 பிரதி அடித்த இதழுக்கு 38 தாள் போதும். ‘இவ்விதழின் 41 முதல் 58 வரையான பக்கங்களில் வெளியான கட்டுரை இன்ன காரணத்தால் மீளப்பெறப்படுகிறது’ என்று கீழே ஆசிரியர் குழுவின் பெயரோடு அடித்து, இதழ் போன நூலகங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த இதழின் பொருளடக்கத்திலும் அது வரவேண்டும், பின்னட்டை மூலையில் அல்ல. இணையத்தில் எடுத்த கட்டுரையைத் திரும்ப ஏற்றி, குறுக்கே அந்தச் சொல்லைப் போடுங்கள். அதற்கு முன்னர் எழுதியவரிடம் விளக்கம் கேளுங்கள்; அவர் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் அதற்கும் இடம் கொடுங்கள். எந்த இதழ் முதலில் இப்படிச் செய்கிறதோ, அதற்குத் துண்டு அடித்து வெட்டிக் கொடுப்பது என் செலவு. மாவும் என்னுடையது.

இதழ்கள் செய்யும்வரை காத்திராமல், என் பங்குக்குரியதை நான் செய்துவிடுகிறேன். அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் இப்போது ஆசிரியை. தன் பெயர் இங்கே வேண்டாம் என்றாள். வரவேண்டிய இடத்தில் வரட்டுமாம்.

பிழைதிருத்தம்

வலிகாமக் கிணறுகள் பற்றிய 2013ஆம் ஆண்டு ஆய்வேட்டிலும், அதைத் தழுவிய பிற வெளியீடுகளிலும், அட்டவணை 7, செப்ரெம்பர், 23ஆம் இலக்கக் கிணறு: 18.6 அடி என்றிருப்பதை 16.8 அடி எனத் திருத்தி வாசிக்கவும். பிழை தட்டச்சு செய்தவருடையது. அளந்தவருடையது அல்ல.

இப்படிக்கு,
தட்டச்சு செய்தவன்,
கொக்குவில்.